மேற்கு ஜன்னலுக்கு ஒரு மடிப்புத் திரை

என் எழுதுமேசை மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு அடியில் கிடக்கிறது. கோயம்புத்தூரில் மாசி பிறந்துவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு ஜன்னலின் மேல் விளிம்பில் தலைகாட்டும் வெயில், நான்கு மணிக்குக் கணினித் திரையிலும் ஐந்தரைக்கு நேராக என் கண்ணிலும் விழும். முன்பு அங்கே கம்பியில் கோத்த வழக்கமான திரைச்சீலை தொங்கியது. அதை இழுத்துவிட்டால் வெயிலோடு காற்றும் நின்றுவிடும். விலக்கினால் இரண்டும் சேர்ந்தே வரும். போதாக்குறைக்கு அதன் கீழ்முனை நாற்காலிச் சக்கரத்தில் சிக்கி இரண்டு முறை கம்பியோடு பெயர்ந்து வந்தது. வெயில் இறங்க இறங்கக் கூடவே இறங்கி வரக்கூடிய, அடியில் ஒரு முழம் திறந்துவைத்துக் காற்றுக்கு வழிவிடக்கூடிய திரை வேண்டும் என்று தேடியபோதுதான் ரோமன் பிளைண்ட் எனப்படும் மடிப்புத் திரை கண்ணில் பட்டது.

அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இறக்கிவிட்டால் ஜன்னலை மூடியபடி தட்டையாகத் தொங்கும் ஒரே துண்டுத் துணி அது. பின்புறத்தில் குறுக்காகச் சில குச்சிகளும், அக்குச்சிகளின்மேல் வரிசையாகச் சிறு வளையங்களும், வளையங்களின் வழியே கயிறுகளும் ஓடும். கயிற்றை இழுத்தால் குச்சிகள் ஒன்றையொன்று நோக்கி ஏற, நடுவிலுள்ள துணி புடவைக் கொசுவம்போல அடுக்கடுக்காக மடிந்துகொள்ளும். தமிழில் இதற்குப் பெயர் தேட வேண்டிய அவசியம்கூட இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் மேடைக்கு மூன்று வகைத் திரைகள் சொல்லப்படுகின்றன: ஒரு பக்கமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலேயிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி. நம் வீடுகளில் முதல் இரண்டும் இன்றும் இருக்கின்றன. மூன்றாவதை மட்டும் இப்போது சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள்.

அந்தச் சதுர அடிக் கணக்குத்தான் என்னைத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார வைத்தது. துணிக்கு ஒரு விலை, உட்துணிக்கு ஒரு விலை, மேலே ஓடும் சட்டத்துக்கு ஒரு விலை, வந்து மாட்டுவதற்கு ஒரு கூலி என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போனார். விலையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் புரட்டிக் காட்டிய மாதிரிப் புத்தகத்தில் இருந்தவை ஏறத்தாழ எல்லாமே பாலியெஸ்டர் துணிகள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஈரோடும் கரூரும் சென்னிமலையும் பேருந்து தூரத்தில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலுக்கு நெகிழி இழையைத் தொங்கவிடுவானேன் என்று தோன்றியது. வீட்டில் அம்மாவின் மிதி இயந்திரம் இருக்கிறது. நாற்பது வருடம் ரவிக்கை தைத்த உஷா அது. எனக்கு நேர்த்தையல் ஓட்டத் தெரியும். ஜன்னலோ வெறும் செவ்வகம். கழுத்து, கை, இடுப்பு என்று எந்த வளைவும் கிடையாது. ஆகவே இது ரவிக்கையைவிட எளிது என்று நினைத்தேன்.

முதல் திரை என்னை நன்றாகவே திருத்தியது.

அதற்குத் துணி வாங்கிய கதையை முதலில் சொல்ல வேண்டும். என் ஜன்னல் பேச்சுக்கு நான்குக்கு நான்கு அடி, அளந்தால் 120 சென்டிமீட்டர். பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் வெளியே போகும்படி வைத்தாலும் திரையின் அகலம் 130 ஆகிவிடுகிறது. ஓரம் மடிக்க எட்டு சேர்த்தால் 138. சட்டைத் துணியும் ரவிக்கைத் துணியும் பெரும்பாலும் 44 அங்குலப் பன்னாவில் வருபவை, அதாவது அகலம் 112 சென்டிமீட்டர்தான். இரண்டு துண்டை ஒட்டுப்போட்டால் ஒட்டுத் தையல் வெயிலில் கறுப்புக் கோடாகத் தெரியும். அப்போதுதான் சென்னிமலைப் பெட்ஷீட் நினைவுக்கு வந்தது. ஒற்றைக் கட்டில் அளவு அறுபதுக்குத் தொண்ணூறு அங்குலம். அகலம் 152 சென்டிமீட்டர், ஒட்டு இல்லாத ஒரே துணி, இறுக்கமான நெசவு, படுத்துப் புரள்வதற்கென்றே நெய்யப்பட்டதால் துவைப்புக்கும் அஞ்சாதது. ஒரு பெட்ஷீட்டில் ஒரு ஜன்னல் கச்சிதமாக முடிந்து, நீளத்தில் மிஞ்சும் துண்டும் கைக்கு உதவும். வெந்தய நிறத்தில் கோடோ கட்டமோ இல்லாத ஒன்றை எடுத்துவந்து, அன்று மாலையே வெட்டினேன்.

எடுத்துவந்த அன்றே வெட்டியது முதல் தவறு. கைத்தறித் துணியில், நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். தண்ணீரில் போட்டால் கஞ்சி இறங்கி, இழைகள் தளர்ந்து, துணி சுருங்கும். பின்னர் நான் அளந்து பார்த்த வகையில் 60 அங்குலம் 57 ஆயிற்று, 90 அங்குலம் எண்பத்தைந்தரை ஆயிற்று. நூற்றுக்கு ஐந்து என்பது போர்வைக்குப் பெரிய விஷயமில்லை. 135 சென்டிமீட்டர் நீளமுள்ள திரையில் அது ஏழு சென்டிமீட்டர். ஜன்னலின் அடிக்கட்டை வெளியே தெரியத் தொடங்கிவிடும்.

இரண்டாவது தவறு அதைவிட மோசமானது; அது உடனேயே தெரிந்தது. மாட்டி, கயிற்றை இழுத்தேன். முதல் மடிப்பு நேராக ஏறியது. இரண்டாவது மடிப்பில் இடப்பக்கம் கொஞ்சம் முந்தியது. நான்காவதுக்கு வரும்போது இடமூலை வலமூலையைவிட இரண்டு விரற்கடை மேலே நின்றது. கயிறுகளின் நீளம் ஒத்துவரவில்லை என்று முடிவுசெய்து இரண்டு மாலைப்பொழுதுகள் முடிச்சுகளை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டேன். ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் நடுவில் தொய்ந்தது. மூன்றாம் நாள் அம்மா காப்பித் தம்ளரோடு வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கயித்துல ஒண்ணுமில்ல கண்ணு. துணி கோணிக்கிடக்குது, பாரு."

"மூலைமட்டம் வெச்சுத்தானம்மா வெட்டுனேன்."

"நீ வெட்டுனது நேராத்தான் இருக்குது. நூலு நேரா இருக்குதா? கட்டம் போட்டதா எடுத்திருந்தா அதுவே காட்டிக் குடுத்திருக்கும்ல."

அவர் சொன்னதை அப்போதே முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. திரையைக் கழற்றித் தரையில் விரித்து, குனிந்து கண்ணைத் துணியோடு வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் பென்சிலால் போட்ட கோடு ஓர் ஓரத்தில் தொடங்கிய ஊடை நூலை, அதாவது குறுக்கே ஓடும் நூலை, விட்டு நகர்ந்து, மறு ஓரத்துக்கு வரும்போது அதிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி நின்றது. தறியிலிருந்து இறங்கிய பின் சுற்றும்போதும் மடிக்கும்போதும் துணி ஒரு பக்கமாக இழுபட்டு, பாவும் ஊடையும் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்துபோயிருந்தன. உடுப்பில் இது பெரும்பாலும் தெரியாது. உடம்பு வளைவுகளால் ஆனது, நடக்கும்போது துணியும் கூடவே அசைந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஜன்னலில் தொங்கும் துணிக்கு அந்தச் சலுகை இல்லை. அது நாளெல்லாம் ஒரு செவ்வகச் சட்டத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிறது. அதன் எடை பாவு நூல்களின் வழியே இறங்குகிறது. நூல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் துணியும் போகும். கத்தரி வெட்டிய கோட்டை அது மதிப்பதில்லை.

வெந்தய நிறத் துணியைப் பிரித்தேன். இப்போது அது கிரைண்டருக்கும் மிக்சிக்கும் உறையாக இருக்கிறது. சென்னிமலைக்கு மறுபடியும் போய், இம்முறை நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட பெட்ஷீட் எடுத்து வந்தேன்.

அதன் பிறகு நடந்ததை விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலையில் தையல் கால்பங்குதான். மீதியெல்லாம் துணி இயந்திரத்துக்குப் போவதற்கு முன்னால் தரையில் நடப்பது. பெட்ஷீட்டை இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் தூக்கி, நிழலில் காயவைத்தேன். முக்கால் ஈரத்தில் எடுத்து அதன் ஒரு முனையை ஆய்ந்தேன். அந்த முனையிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே ஊசியால் ஒரே ஓர் ஊடை நூலைக் கிளப்பி, விரலில் சுற்றி மெல்ல இழுக்க வேண்டும். துணி அந்த இடத்தில் சுருங்கிக் குவியும். குவிந்ததைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நீவினால் நூல் ஒரு சாண் வெளியே வரும். மறுபடி இழுக்க வேண்டும். பாதியில் அறுந்தால், அறுந்த இடத்தைத் தேடிப்பிடித்து அங்கிருந்து தொடர வேண்டும். நான்கு இடத்தில் அறுந்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பின் நூல் முழுதாக வெளியே வந்தபோது, துணியின் குறுக்கே கரைக்குக் கரை மயிரிழை அளவு இடைவெளி ஒன்று கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின்மேல் கத்தரியை ஓட்டினால் கிடைப்பதுதான் துணியின் உண்மையான விளிம்பு. கிழித்தாலும் நூல்வழியேதான் கிழியும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கிழித்த விளிம்பு இழுபட்டு அலை அலையாகிவிடும், அதை மறுபடி நீவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

விளிம்பு கிடைத்த பிறகும் துணி சாய்வாகத்தான் இருக்கும். சாய்வு இப்போது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஈரம் இருக்கும்போதே அம்மா ஒரு மூலையையும் நான் எதிர்மூலையையும் பிடித்துக்கொண்டு, குட்டையான மூலைவிட்டத்தின் வழியாக இழுத்தோம். சிறிது சிறிதாக, பக்கத்தில் நகர்ந்து நகர்ந்து, மொத்தத் துணியையும் அப்படி இழுக்க வேண்டும். பிறகு தரையில் விரித்துக் கொத்தனார்கள் மூலை பார்க்கும் கணக்கைப் போட்டேன். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 60 சென்டிமீட்டர், மறுபக்கம் 80 சென்டிமீட்டர் குறித்தால் அவற்றுக்கிடையே சரியாக 100 வர வேண்டும். 101 வந்தது. இன்னொரு முறை இழுத்தோம். வீட்டுத் தரைக்கு டைல் பதித்திருந்தால் டைல் கோட்டையே மட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். என் அறையில் மூலைமட்டத்தோடு டைல் கோட்டையும் நம்பித்தான் முதல் திரையை வெட்டினேன் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இனி மடிப்புக் கணக்கு. மேலே 10, கீழே 5 சென்டிமீட்டர் சேர்த்துத் திரையின் நீளம் 135 என்று வைத்துக்கொண்டேன். மடிப்பு ஒவ்வொன்றும் இரண்டு பங்கு, அடியில் தொங்கும் பகுதி மட்டும் ஒரு பங்கு என்பதால் மொத்தப் பங்குகள் எப்போதும் ஒற்றைப்படையில் வரும். நான்கு மடிப்பு என்றால் ஒன்பது பங்கு. 135ஐ ஒன்பதால் வகுத்தால் 15. ஆகவே குச்சிகள் அடியிலிருந்து 15, 45, 75, 105 சென்டிமீட்டரில் வர வேண்டும். முழுதாக ஏற்றினால் திரை பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு அடங்கிவிடும். நான் இதில் ஒரு சிறு மாற்றம் செய்தேன்: எல்லாக் குச்சிகளையும் இரண்டு சென்டிமீட்டர் மேலே தள்ளி 17, 47, 77, 107 என்று வைத்தேன். அப்போது ஏற்றிய நிலையில் அடிவிளிம்பு மற்ற மடிப்புகளுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது. துவைத்த பின் கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் வந்திருந்தபடியால், பத்துக் கட்டத்துக்கு ஒரு குச்சி என்று அமைந்துவிட்டது. அதற்குமேல் டேப் எடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

உட்துணி இல்லாமல் தைக்கலாம் என்று சொல்பவர்களிடம் மாலை வெயிலில் ஒருமுறை தங்கள் திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மேற்கு வெயில் துணிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே காட்டிவிடும்: ஓர மடிப்பின் அகலம் எங்கே கூடி எங்கே குறைகிறது, மடிப்புக்குள் கத்தரிக்காமல் விட்ட நூல் எங்கே சுருண்டு கிடக்கிறது, குச்சி எங்கே இருக்கிறது என்று அனைத்தும் நிழலாகத் தெரியும். சாயத்தையும் அது விட்டுவைக்காது. நீலம் இரண்டு கோடையில் வெளுத்துவிடும். நான் காடாத் துணியை உட்துணியாகப் போட்டேன். கண்ணாடிப் பக்கம் வெளிறிய நிறம் இருப்பதால் வெளிச்சத்தில் ஒரு பகுதி திரும்பிப் போகிறது, கட்டத்தின் சாயமும் காப்பாற்றப்படுகிறது. அறையை முழுதாக இருட்டாக்க வேண்டுமென்றால் நடுவில் கறுப்புப் பூச்சு கொடுத்த பிளாக்அவுட் துணி கிடைக்கிறது. படுக்கையறைக்குச் சரி. ஆனால் அதில் ஊசி போன இடமெல்லாம் ஒளிப்பொட்டாக நிற்கும். குண்டூசி குத்தக்கூடாது, கிளிப்தான் போட வேண்டும். சூடான இஸ்திரிப் பெட்டியையும் வைக்க முடியாது. எழுதும் அறைக்கு எனக்கு வேண்டியது தணிந்த வெளிச்சம்தான்.

குச்சிகளுக்கான உறைகளை உட்துணியிலேயே தைத்துவிட்டால் முன்பக்கத்தில் தையல் கோடு தெரியாது. ஒவ்வோர் உறைக்கும் மூன்று சென்டிமீட்டர் துணியை இரண்டாக மடித்து ஒன்றரை சென்டிமீட்டரில் தைக்க வேண்டும். நான்கு உறைக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர். இந்தப் பன்னிரண்டை உட்துணி நீளத்தில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள மறந்தால் உட்துணி குட்டையாகிவிடும். காடாவையும் முதலில் துவைத்தே வெட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உறைக்குள் நுழைப்பதற்கு ஆறு மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி வாங்கினேன். மூங்கில் குச்சியும் போதும். ஆனால் அவ்வளவு நீளத்துக்கு வளையாத மூங்கில் குச்சி நான்கை ஒரே கடையில் தேர்ந்தெடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

பெட்ஷீட் துணிக்கு 16ஆம் எண் ஊசி, தையல் மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், பாலியெஸ்டர் நூல். துணி பருத்தியாக இருக்க நூல் மட்டும் பாலியெஸ்டரா என்று கேட்கலாம். வெயிலில் பருத்தி நூல் சீக்கிரம் இற்றுவிடும். துணியில் ஆயிரம் இழை இருக்கிறது, தையலில் இரண்டுதான் இருக்கிறது. பக்கங்களை நான்கு சென்டிமீட்டர் மடித்து இஸ்திரி போட்டு, உட்துணியின் விளிம்பை அதன்மேல் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்து, கையாலேயே எம்மிங் செய்தேன். இயந்திரத்தில் ஓட்டினால் அடித்துணி ஒரு வேகத்திலும் மேல்துணி ஒரு வேகத்திலும் நகர்ந்து, நீளமான ஓரத்தின் கடைசியில் ஒன்று மற்றதைவிட அரை அங்குலம் நீண்டு நிற்கும். சேலைக்கு ஃபால்ஸ் அடித்தவர்களுக்கு இது புதிதல்ல. உட்துணியும் மேல்துணியும் தனித்தனியே தொங்கிவிடாமல் இருக்க, ஒவ்வோர் உறையையும் மேல்துணியோடு நான்கு இடங்களில் சிறு முடிச்சாகப் பிடித்தேன். அந்த நான்கு இடங்களில்தான் வளையங்களும் வரும்: ஓரத்திலிருந்து 8 சென்டிமீட்டர் உள்ளே தொடங்கி, 38 சென்டிமீட்டருக்கு ஒன்றாக. நான்கு குச்சிக்கு நான்கு வீதம் பதினாறு வளையம். முடிச்சின் நூல் முன்பக்கம் எட்டிப்பார்க்கும் இடம் நீலக் கோட்டின்மேல் விழும்படி பார்த்துக்கொண்டேன். அடிமடிப்புக்குள் ஓர் அங்குல அகலமுள்ள அலுமினியப் பட்டி ஒன்றை நுழைத்தேன். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அது கால்கிலோ இருக்கும். அந்தக் கால்கிலோதான் துணியைச் சுருக்கமின்றித் தொங்கவைக்கிறது.

மேலே மாட்டுவதற்கு ஒன்றுக்கு இரண்டு அங்குல ரீப்பர் கட்டை. அதை மிஞ்சிய துணியால் போர்த்தி, முகப்பில் வெல்க்ரோவின் முள்பக்கத்தை அடித்து, மெத்தென்ற பக்கத்தைத் திரையில் தைத்தேன். முள்பக்கத்தைத் திரையில் தைத்தால் துவைக்கும்போது வீட்டிலுள்ள மற்ற துணிகளையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். கட்டையின் அடியில் வளையங்களுக்கு நேராக வரும் இடங்களில் நான்கு திருகுக் கொக்கிகள், கயிறு இறங்கும் பக்கம் கூடுதலாக ஒன்று.

சுவரில் ஓட்டை போடும்போதுதான் ஜன்னலும் தன் பங்குக்குக் கோணலாக இருப்பது தெரிந்தது. ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் கான்கிரீட்டில் கட்டையை வைத்து ரசமட்டம் பார்த்தேன்; குமிழி நடுவில் நிற்கும்போது கட்டைக்கும் ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்புக்கும் இடையே இடக்கோடியில் 100 மில்லிமீட்டர், வலக்கோடியில் 92. வீடு கட்டியவர் சட்டத்தைச் சாய்வாகப் பதித்துவிட்டார். இப்போது எதற்கு ஒத்துப்போவது? கண் ஒப்பிட்டுப் பார்ப்பது ஜன்னல் சட்டத்தோடுதான். ஆனால் துணியும் கயிறும் பூமியின் இழுப்புக்குத்தான் கட்டுப்படும். சட்டத்தை ஒட்டிச் சாய்வாக மாட்டினால் திரை நாள்பட ஒரு பக்கமாக நகரும். ரசமட்டத்துக்கே மாட்டினேன். ஜன்னலுக்கு வெளியே எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது போகும்படி முதலிலேயே வைத்திருந்தது இங்கேதான் கைகொடுத்தது. சட்டத்தின் சாய்வு திரைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. சட்டத்துக்கு உள்ளேயே பொருத்துவதாக இருந்தால் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அகலம் அளந்து, மிகக் குறைந்ததில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் கழித்துத் தைக்க வேண்டியிருக்கும். நம் வீடுகளில் கொசுவலைச் சட்டமும் அந்த உட்புறத்தில்தான் வந்து உட்காரும் என்பதால், வெளியே பொருத்துவதே எனக்குச் சரியென்று படுகிறது.

கயிறு மொத்தம் எட்டு ஒன்பது மீட்டர் பிடித்தது. ஒவ்வொன்றும் அடிக்குச்சியின் வளையத்தில் முடிச்சிட்டு, மேலே ஏறி, கொக்கிகளின் வழியே வலப்பக்கம் ஓடி, நான்கும் ஒரே இடத்தில் சேர்கின்றன. முடிச்சைத் திரை தொங்கும்போது போடக்கூடாது. கட்டையோடு சேர்த்துத் தரையில் முழுதாக விரித்துவைத்து, நான்கும் ஒரே விறைப்பில் இருக்கும்போது போட வேண்டும். இரண்டு மாலைப்பொழுதை இழந்து கற்றது இது.

அந்த முடிச்சுக்குக் கீழே நான் ஒற்றைக் கயிறுதான் விட்டிருக்கிறேன். கண்ணியாகத் தொங்கும் கயிறு சிறு குழந்தையின் கழுத்தை நெரித்துவிடும். பிளைண்ட் கயிற்றால் குழந்தைகள் இறந்ததால்தான் பல நாடுகளில் இதற்கென்று விதிகள் வந்தன. அமெரிக்காவில் 2018 டிசம்பரிலிருந்து கடைகளில் ஆயத்தமாக விற்கும் பிளைண்டுகள் கயிறு இல்லாமலோ கைக்கு எட்டாத கயிற்றோடோதான் இருக்க வேண்டும் என்று தரவிதி சொல்கிறது. கயிறு சுற்றும் கொண்டியைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் அடிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் உள்ள விதி. வீட்டில் தைப்பவரை எந்த விதியும் வந்து பார்ப்பதில்லை. என் தங்கையின் மகளுக்கு மூன்று வயது. விடுமுறைக்கு வந்தால் அந்த மேசைமேல்தான் ஏறி நிற்பாள். மேசையின் உயரத்தையும் அவள் உயரத்தையும் கூட்டிப் பார்த்தால் 1.5 மீட்டர் அவளுக்கு எட்டிவிடும். அதனால் கொண்டியை 1.9 மீட்டரில் அடித்தேன். அம்மா நாற்காலிமேல் ஏறித்தான் திரையை ஏற்ற முடியும் என்பதால் மாலை ஆறரைக்கு அந்த வேலை என்னுடையதாகிவிட்டது.

பயன் என்ன என்று கேட்டால், கண் கூசுவது முழுதாக நின்றுவிட்டது. சூடு அந்த அளவுக்குக் குறையவில்லை. கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் எந்தத் திரையும் கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெப்பத்தைத்தான் தடுக்கிறது. அதில் ஒரு பகுதி துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தங்கி மேல்வழியாக அறைக்குள் இறங்கிவிடுகிறது. வெயிலை வெளியிலேயே நிறுத்தத் திண்ணையோரம் மூங்கில் தட்டியும் வெட்டிவேர்த் தட்டியும் கட்டியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். மூன்றாம் மாடியில் வெளியே தட்டி கட்ட எனக்கு வழியில்லை.

காற்று வேறொரு சங்கதி. ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, பாதி இறக்கிய திரையைத் தூக்கித் தூக்கிச் சுவரில் அடித்தது. அலுமினியப் பட்டி அறையும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கிறது, படிக்கட்டில் பார்த்தபோது, "மேல ஏதாவது கட்டட வேலை நடக்குதுங்களா?" என்று விசாரித்தார்கள். அடிமடிப்பின் இரு கோடிகளிலும் துணிக்காது தைத்து, ஜன்னலுக்குக் கீழே சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டிப் பார்த்தேன். முழுதாக இறக்கிய நிலையில் அது பிடித்துக்கொள்கிறது, பாதியில் பயனில்லை. ஆனி, ஆடி இரண்டு மாதமும் வானம் மூட்டமாகவே இருப்பதால் திரையை மேலே ஏற்றிக் கட்டிவிட்டுக் காற்றை வரவிடுகிறேன்.

ஐப்பசியில் முதல் முறையாகக் கழற்றித் துவைத்தேன். வெல்க்ரோவைப் பிய்த்து, கயிறுகளை வளையங்களிலிருந்து உருவி, கம்பிகளையும் பட்டியையும் வெளியே எடுத்துவிட்டால் மிஞ்சுவது வளையம் வைத்த ஒரு பெட்ஷீட்தான். எட்டு மாதத்துப் புழுதியில் மூன்று வாளித் தண்ணீர் கலங்கியது. முழுதாகக் காயவிடவில்லை. முக்கால் ஈரத்திலேயே கம்பிகளை நுழைத்து மறுபடி மாட்டி, முழுதாக இறக்கிவிட்டு, மேசைமேல் இருந்த தாள்களை அள்ளிக் கட்டிலில் போட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டை விரித்தேன். இரவெல்லாம் அதன்மேல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் இஸ்திரி போடத் தேவையில்லாதபடி கட்டங்கள் நேராக நின்றன. அம்மா வந்து இடக்கோடியிலும் வலக்கோடியிலும் மேலிருந்து கீழாகக் கட்டங்களை எண்ணினார். வலப்பக்கம் கால் கட்டம் குறைகிறது என்றார்.